பெட்டியில் தேறாத கை பித்தப்பையைத் தொடலாமா?

தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலைக் கல்வி வாரியத்துக்கு வணக்கம்.

சர்ஜரியில் முதுநிலை படிக்கும் பிஜிக்களுக்கு லேப்ராஸ்கோபி, அதாவது சிறு துளைகள் வழியே கேமராவையும் நீளக் கருவிகளையும் விட்டுத் திரையைப் பார்த்துச் செய்யும் சர்ஜரி, சொல்லிக்கொடுக்கும் ஆள் நான். கேட்க வந்தது ஒன்றுதான். எம்.எஸ். படிப்பவர் நோயாளியின் வயிற்றுக்குள் கருவியை விடுவதற்கு முன், வயிற்றுக்குப் பதிலாகக் கருவியை விட்டுப் பழகும் பயிற்சிப் பெட்டியில் தேறியிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். ஸ்கில் லேப் இருக்கிறதா என்று இன்ஸ்பெக்‌ஷனில் எட்டிப் பார்த்து டிக் அடிப்பது போதாது. நான் பார்த்த ஒரு கல்லூரியில் விலை உயர்ந்த சிமுலேட்டர் உறைகூடக் கழற்றாமல் நிற்கிறது, சாவி கேட்டால் ஸ்டோர் கீப்பர் லீவு என்கிறார்கள்.

இதற்கென்ன தனிப் பயிற்சி என்று, வயிற்றைத் திறந்து செய்யும் ஓப்பன் சர்ஜரியில் கைதேர்ந்த சீனியர்கள் சிலர் இன்னும் கேட்கிறார்கள். கையை வலப்பக்கம் கொண்டுபோனால் உள்ளே கருவியின் முனை இடப்பக்கம் போகிறது, திரையில் ஆழம் தெரிவதில்லை, திசுவை எவ்வளவு இழுக்கிறோம் என்பது விரலுக்குச் சரியாக உறைப்பதில்லை. இதையெல்லாம் பழகிக்கொள்ள யாரோ ஒருவரின் பித்தப்பைதான் கிடைத்ததா? யேல் பல்கலைக்கழகத்தில் 16 பிஜிக்களை வைத்துச் செய்த ஆய்வு 2002-லேயே வந்துவிட்டது. சிமுலேட்டரில் பழகிவிட்டு தியேட்டருக்குப் போனவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை 29% வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தேவையில்லாத இடத்தைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகம் இருந்தது.

அமெரிக்காவில் 2009-10 முதல் பயிற்சி முடிப்பவர்கள் எஃப்.எல்.எஸ். என்ற லேப்ராஸ்கோபி அடிப்படைத் தேர்வில் தேறாமல் சர்ஜரி போர்டு சான்றிதழ் வாங்க முடியாது. அதில் கைவேலை ஐந்துதான். முதலாவது, ஆறு சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒரு கருவியால் எடுத்து, அந்தரத்திலேயே இன்னொரு கருவிக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளையில் மாட்டி, பிறகு அதேபோல் திருப்பிக் கொண்டுவருவது. இதை, ஒரு துண்டும் திரையில் தெரியும் இடத்துக்கு வெளியே விழாமல், 48 விநாடிக்குள் முடிப்பதைத்தான் பயிற்சியில் இலக்காக வைக்கிறார்கள். கேட்கச் சுலபம், உட்கார்ந்து பாருங்கள் தெரியும். இதற்குக் கோடிகள் வேண்டாம், ஒரு பெட்டி, ஒரு வெப்கேம், பழைய கருவிகள் இரண்டு, காஸ் துணி, நூல், அவ்வளவுதான்.

நம் பிராக்டிகலில் லாங் கேஸ், ஷார்ட் கேஸ், வைவா எல்லாம் உண்டு. மேரிலாண்டு என்ற வளைந்த முனைக் கருவியை எடுத்துக் காட்டிப் பெயரும் பயனும் கேட்கிறோம், பெட்டிக்குள் ஒரு தையல் போட்டு முடிச்சிடச் சொல்வதில்லை. செய்த கேஸ்களைப் பதியும் லாக்புக்கிலோ கேமரா பிடித்ததும் கேஸ், கிளிப் போட்டதும் கேஸ்!

சரி, பெட்டியில் தேறியவுடன் ஒருவர் சர்ஜன் ஆகிவிடுவார் என்று சொல்லவில்லை. எப்போது நிறுத்தி ஓப்பனுக்கு மாற வேண்டும் என்கிற நிதானம் தியேட்டரில்தான் வரும். ஆனால் கை பழகாதவருக்கு அதைக் கவனிக்க மூளையில் இடம் ஏது?

முதல் வருட முடிவில் வேறு கல்லூரி எக்ஸாமினரை வைத்துச் சோதியுங்கள், தவறினால் அடுத்த மாதம் மறுபடி வரட்டும். அப்புறம், பயிற்சி நேரத்தை டியூட்டி ரோஸ்டரிலேயே போடச் சொல்லுங்கள். “ஃப்ரீயா இருக்கும்போது பழகிக்கோ” என்றால், கேஷுவால்ட்டி பார்க்கும் எந்த பிஜி எப்போது ஃப்ரீ?