தன்பாலினத் திருமணம்: திருச்சபைகளைச் சட்டம் கட்டாயப்படுத்துமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்பாலினத் திருமணம் பற்றிய செய்தியோ கட்டுரையோ வரும்போதெல்லாம் வாசகர் கருத்துகளில் ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது: "இன்று அரசு ஏற்றுக்கொண்டால் நாளை சர்ச்சிலும் நடத்திவைக்கச் சொல்வார்கள், குருவானவர் மறுத்தால் வழக்குப் போடுவார்கள்." இந்தப் பயம் உண்மையானது. அதைக் கேலி செய்வது முறையல்ல. ஆனால் இதற்கான விடையை ஊகத்தில் தேட வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகள் இதே கேள்வியை எதிர்கொண்டு, சட்டம் எழுதி, வழக்காடி, தீர்த்திருக்கின்றன. எங்கே சிக்கல் வந்தது, எங்கே வரவில்லை என்பது பதிவாகியிருக்கிறது.

முதலில் நம் நாட்டு நிலைமை. 2023 அக்டோபர் 17 அன்று தன்பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் செய்வது அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்று ஒருமனதாகக் கூறியது. திருமணம் அல்லாத இணைவாழ்வுக்கு அரசு சட்ட ஏற்பு தர வேண்டுமா என்பதில் மட்டும் மூவர் தேவையில்லை என்றார்கள், இருவர் வேண்டும் என்றார்கள். மறுசீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. அந்த வழக்கின் மையம் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான். மதம் சார்ந்த தனிநபர் சட்டங்களுக்குள் போகப்போவதில்லை என்று விசாரணையின் தொடக்கத்திலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு அரசுத் திருமண அலுவலர் முன்னால் கையெழுத்துப் போடும் திருமணம் பற்றிய வழக்கு அது. பீடத்துக்கு முன்னால் நடக்கும் திருமணம் அதில் எழவே இல்லை.

இனி, அரசு ஏற்பதைத் திருச்சபை ஏற்காமல் இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் விவாகரத்தைப் பார்க்கட்டும். 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்ற ஒரு கத்தோலிக்கர், அரசின் கணக்கில் மறுமணம் செய்யத் தகுதி உள்ளவர். ஆனால் பங்குத்தந்தையிடம் போனால், முதல் திருமணம் செல்லாது என்று திருச்சபைத் தீர்ப்பாயம் அறிவித்த ஆவணத்தைக் கேட்பார். அது இல்லாமல் ஓலை வாசிக்கமாட்டார், அதாவது திருமண அறிவிப்பை ஆலயத்தில் படிக்கமாட்டார். அவரை வற்புறுத்தும் சட்டப் பிரிவு எதுவும் இல்லை. எதிர்ப்பக்கமும் இப்படித்தான்: திருச்சபைத் தீர்ப்பாயம் தரும் செல்லாமைத் தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1996இலும் 2017இலும் கூறியிருக்கிறது. அரசின் கதவைத் திருச்சபையும் திருச்சபையின் கதவை அரசும் திறக்க முடியாது. நூற்றாண்டுக்கு மேலாக நம் பங்குகளில் இது நடைமுறை. இதனால் எந்தக் குருவானவரும் சிறைக்குப் போகவில்லை.

இதற்குச் சட்ட அடிப்படையும் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, ஆயரால் திருநிலைப்படுத்தப்பட்ட குருக்கள் தங்கள் சபையின் விதிகள், சடங்குகள், வழக்கங்களின்படி திருமணம் நடத்தலாம் என்கிறது. சபையின் விதி எதை அனுமதிக்கவில்லையோ, அதை நடத்தும் அதிகாரம் அந்தப் பிரிவிலிருந்து அவருக்கு வருவதில்லை. அதற்கு மேல், அரசியல் சட்டத்தின் 26ஆவது பிரிவு சமயக் காரியங்களில் தன் அலுவல்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையை ஒவ்வொரு சமயப் பிரிவுக்கும் தருகிறது.

கட்டாயம் பற்றிய பயத்துக்கு உலகில் மிக நுணுக்கமாக விடை எழுதிய சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே சிக்கல் மற்ற நாடுகளைவிடப் பெரிது. இங்கிலாந்துத் திருச்சபை அரசின் திருச்சபை. தன் பங்கில் வசிக்கும் யார் கேட்டாலும், அவர் ஆலயத்துக்கு வருபவரோ இல்லையோ, மணமுடித்து வைக்கும் கடமை அந்தப் பங்குக் குருவுக்குச் சட்டப்படியே இருக்கிறது. அத்திருச்சபையின் விதித்தொகுப்பு நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி. அது நாட்டுச் சட்டத்துக்கு முரணாக இருக்கக்கூடாது என்பது எட்டாம் ஹென்றி மன்னர் காலத்து ஏற்பாடு. அந்த விதித்தொகுப்போ திருமணம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது என்கிறது. எதுவும் சொல்லாமல் திருமணச் சட்டத்தை மட்டும் மாற்றியிருந்தால் குருவின் கடமை ஒருபக்கமும் சபையின் விதி மறுபக்கமும் இழுத்திருக்கும்.

எனவே நான்கு பூட்டுகள் போட்டார்கள். எந்தச் சமய அமைப்பையும் எந்தக் குருவையும் தன்பாலினத் திருமணம் நடத்தவோ, அதற்கு இடம் தரவோ, அதில் உடனிருக்கவோ எவ்வகையிலும் கட்டாயப்படுத்தக்கூடாது. ஒப்பந்தத்தைக் காட்டியும் கட்டாயப்படுத்தக்கூடாது. சமய அமைப்பின் ஆளும் மன்றம் எழுத்துப்பூர்வமாக இசைவு தந்தால் ஒழிய, அதன் ஆலயங்களில் அத்தகைய திருமணம் நடக்கவே முடியாது. மறுத்த குருவின்மேல் பாகுபாட்டு வழக்குப் போட முடியாதபடி 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் திருத்தப்பட்டது. நான்காவதாக, இங்கிலாந்துத் திருச்சபையின் விதித்தொகுப்பு இச்சட்டத்தால் தொடப்படாது. பங்கு மக்களுக்கு மணமுடித்து வைக்கும் பழைய கடமையும் தன்பாலின இணையருக்கு நீளாது. வேல்ஸ் திருச்சபை 1920லேயே அரசிலிருந்து பிரிந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கடமை அதற்கும் மிச்சமிருந்ததால் அதற்கும் தனி ஏற்பாடு செய்தார்கள்: அதன் ஆளும் குழு தீர்மானம் போட்டால் அரசு ஆணை பிறப்பித்து வழிவிடும்.

இந்தப் பூட்டுகள் மறுப்பவரைக் காப்பதோடு நிற்கவில்லை. விரும்புபவரையும் அடைத்துவைக்கின்றன. இங்கிலாந்துத் திருச்சபையின் ஒரு குரு மனமுவந்து நடத்த முன்வந்தாலும் அந்தத் திருமணம் செல்லாது. சாவி அவருடைய திருச்சபையின் ஆளும் மன்றமான சினாடின் கையில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17 முதல் வழக்கமான ஆராதனைக்குள் அத்தகைய இணையருக்காக ஆசிவேண்டுதல் செய்யலாம் என்ற அளவுக்குத்தான் அந்தத் திருச்சபை வந்திருக்கிறது. அதே நாட்டில் மெதடிஸ்ட் திருச்சபை வேறு முடிவெடுத்தது. 2021 ஜூன் 30 அன்று அதன் மாநாடு 254க்கு 46 என்ற வாக்கில் இசைவு தந்தது. ஆனால் அந்த வாக்கெடுப்போடு எல்லா மெதடிஸ்ட் ஆலயங்களும் திறந்துவிடவில்லை. அடுத்து உள்ளூர்ச் சபையின் பொறுப்பாளர்கள் வாக்களிக்க வேண்டும். பிறகு அந்தக் கட்டடத்தைத் தன்பாலினத் திருமணத்துக்கெனத் தனியாகப் பதிவு செய்ய மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆளும் மன்றத்தின் இசைவு இல்லாமல் விண்ணப்பம் நிற்காது. மணமக்கள் பதிவு அலுவலகத்தில் 28 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் போதகருக்கு மனச்சாட்சி ஒப்பவில்லை என்றால் அவர் ஒதுங்கிக்கொள்ளலாம். மேல் மன்றம், உள்ளூர்ச் சபை, போதகர் என்று மூன்று இடங்களில் "மாட்டோம்" என்று சொல்லும் உரிமை இருக்கிறது. 2022 மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவையும் 274க்கு 136 என்ற வாக்கில், விரும்பும் போதகருக்கு மட்டும் வழிவிடும் இதே முறையைத்தான் ஏற்றது.

டென்மார்க்கை மறைத்துப் பேசுவது சரியாகாது. அங்கே 2012இல் நாடாளுமன்றமே தேசியத் திருச்சபையில் தன்பாலினத் திருமணம் நடக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. தனிப்பட்ட குரு மறுக்கலாம். ஆனால் வேறொரு குருவை ஆயர் ஏற்பாடு செய்ய வேண்டும். அதாவது குருவுக்கு விலக்கு உண்டு, திருச்சபைக்கு இல்லை. திருச்சபையின் சட்டங்களை நாடாளுமன்றமே இயற்றும் நாடு அது. அரசின் திருச்சபையாக இருப்பதற்குக் கொடுக்கும் விலை இது என்பது என் கருத்து. சுவீடனில் அரசும் திருச்சபையும் 2000லேயே பிரிந்துவிட்டதால், 2009 மே மாதம் சட்டம் வந்த பிறகும் திருச்சபையின் சினாடு தானாகக் கூடி அந்த அக்டோபரில் முடிவெடுத்தது. இந்தியாவில் அரசின் திருச்சபை என்று ஒன்று கிடையாது. டென்மார்க்கைக் காட்டி நம் சபை மக்களைப் பயமுறுத்துவது பொருந்தாது.

பல ஆயிரம் தமிழர்கள் வாழும் கனடாவின் கதை இன்னும் முக்கியமானது. ஏனென்றால் அங்கே சமயச் சுதந்திரத்தைக் கேட்டு நீதிமன்றம் போனது, மணமுடித்து வைக்க விரும்பிய ஒரு திருச்சபை. ஒன்டாரியோ மாகாணத்தில் அரசின் உரிமம் வாங்காமல், ஆலயத்தில் ஓலை வாசித்தும் திருமணம் செய்யலாம். டொரொன்டோவின் மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் அந்தப் பழைய வழியில் இரண்டு தன்பாலின இணையருக்கு ஓலை வாசித்து, 2001 ஜனவரி 14 அன்று மணமுடித்து வைத்தது. மாகாணம் பதிவு செய்ய மறுத்தது. 2003 ஜூன் 10 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றைப் பதிவு செய்ய உத்தரவிட்டது. திருச்சபை எழுப்பிய சமயச் சுதந்திர வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சமத்துவ உரிமையின் பேரில்தான் தீர்ப்பு வந்தது. அந்த வாதத்தையும் ஏற்றிருக்க வேண்டும் என்பேன். நடத்தமாட்டேன் என்பது சமயச் சுதந்திரம் என்றால், நடத்துவேன் என்பதும் சமயச் சுதந்திரம்தானே. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2014இல் யுனைட்டட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் சபை இதையே முன்வைத்தது. உரிமம் இல்லாமல் மணமுடித்து வைக்கும் குருவைத் தண்டிக்கும் மாநிலச் சட்டம் தங்கள் வழிபாட்டில் தலையிடுகிறது என்று வாதாடியது. அந்த வழக்கில், அதே ஆண்டு அக்டோபரில், மாநிலத்தின் தடை நீங்கியது.

கனடா உச்ச நீதிமன்றம் 2004 டிசம்பரில் தந்த கருத்துரை, சமய குருக்களை அவர்கள் நம்பிக்கைக்கு மாறாக அரசு வற்புறுத்த முடியாது என்று தெளிவாக்கியது. 2005 ஜூலையில் வந்த சட்டம் அதை 3ஆவது பிரிவிலேயே எழுதிவைத்தது. அறக்கட்டளைத் தகுதி பறிபோகுமோ என்ற கவலைக்கும் வருமான வரிச் சட்டத்தில் திருத்தம் செய்தார்கள்.

அப்படியானால் வழக்குகளே வரவில்லையா? வந்தன. ஆனால் வந்த இடங்கள் வேறு. முதலாவது அரசுப் பதிவாளர். இங்கிலாந்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் குருவுக்குத் தரும் விலக்கைப் பதிவாளருக்குத் தரவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2013 ஜனவரியில், தன்பாலின இணையரைப் பதிவு செய்ய மறுத்த ஒரு லண்டன் பதிவாளரின் மனுவை ஏற்கவில்லை. அமெரிக்காவில் 2015இல் பெரிதாகப் பேசப்பட்ட கென்டக்கி வழக்கிலும் திருமண உரிமம் தர மறுத்துச் சிறைக்குப் போனவர் ஒரு மாவட்ட அரசு எழுத்தர்; போதகர் அல்லர். நம் செய்திகளில் இவை பெரும்பாலும் "கிறிஸ்தவர் சிறையிலடைப்பு" என்று சுருங்கிவிடுகின்றன.

இரண்டாவது, மண்டபம். நியூஜெர்சியின் ஓஷன் குரோவில் மெதடிஸ்ட் பின்னணி கொண்ட ஓர் அமைப்பு, கடற்கரை மண்டபம் ஒன்றை எல்லாருக்கும் திறந்துவைப்பதாக உறுதிகூறி அதற்கு வரிவிலக்கு வாங்கியிருந்தது. 2007இல் ஒரு தன்பாலின இணையருக்கு அந்த மண்டபத்தை மறுத்தது. அதற்கான வரிவிலக்கை இழந்தது. பாகுபாடு என்ற தீர்ப்பும் வந்தது. அதன் ஆலயத்தை யாரும் தொடவில்லை. பொதுமக்களுக்குக் கல்யாண மண்டபமாக வாடகைக்கு விடும் கட்டடத்தையும் ஆலயத்தையும் ஒரே கணக்கில் வைத்தால் இதுதான் நடக்கும். நம் ஊர்ச் சபைகளில் பலவற்றுக்கு வருமானமே சமுதாயக் கூடத்திலிருந்துதான் வருகிறது. சபை நிர்வாகங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே: யாருக்கு, எந்த நிகழ்ச்சிக்கு, எந்த நிபந்தனையில் கூடம் தரப்படும் என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும், அரசிடம் சலுகை வாங்கும்போது கையெழுத்திடும் உறுதிமொழியோடு அது ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது அரிதானது, ஆனால் கனமானது. தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபை 2015இல் வழிவிட்டு, 2016இல் அதைத் திரும்பப் பெற்றது. அச்சபையின் உறுப்பினர்களே வழக்குத் தொடுத்தார்கள். 2019 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2016 முடிவை ரத்து செய்தது. சபை தன் சொந்த நடைமுறையைப் பின்பற்றவில்லை என்பது ஒரு காரணம், பாகுபாடு என்பது மற்றொரு காரணம். முதல் காரணம் சரி. இரண்டாவதில் நீதிமன்றம் எல்லை தாண்டியது என்றே நான் கருதுகிறேன். திருச்சபையின் மனமாற்றம் அதன் சினாடில் வர வேண்டும், நீதிமன்றத்தில் அல்ல.

நாளை நம் நாடாளுமன்றம் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்த முன்வந்தால், திருச்சபைகள் கேட்க வேண்டியவை தெளிவானவை. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு அப்படியே இருக்கட்டும். எந்தச் சபையின் குருவும் தம் சபையின் விதிக்கு மாறாக மணமுடித்து வைக்கக் கட்டாயமில்லை என்று ஒரு வாசகம் சேரட்டும். மனம் மாறும் சபைக்கு, அதன் ஆளும் மன்றம் தீர்மானித்தால், வழி திறந்திருக்கட்டும். இவற்றைக் கேட்பதற்குப் பதிலாக, பதிவு அலுவலகத்தில் இருவர் கையெழுத்திடுவதையே தடுக்கச் சொல்வது தன் உரிமையைக் காப்பதாகாது. அந்த இருவரில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் சம்மதக் கையெழுத்துத் தேவைப்படும்போதும், ஒருவர் இறந்து வீடு யாருக்கு என்ற கேள்வி வரும்போதும் திருச்சபைக்கு அங்கே வேலை இல்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய வெளிநாட்டுச் செய்திகளை வெளியிடும்போது மூன்று விவரங்களைச் சேர்த்துப் போடுங்கள்: மறுத்தவர் குருவா, அரசு ஊழியரா, வணிகரா, மறுக்கப்பட்ட இடம் ஆலயமா, வாடகை மண்டபமா, வழக்குத் தொடுத்தவர் வெளியாளா, அந்தச் சபையின் உறுப்பினரா.

இப்படிக்கு,
திருமணச் சட்ட வழக்கறிஞர் ஒருவர்,
பாளையங்கோட்டை.