கழன்றுபோன செருப்பு

அன்புள்ள மகளுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, இரவுச் சாப்பாட்டைப் பத்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு பொட்டலத்தைப் பிரித்து வேலை மேசையிலேயே முடித்துக்கொள்வதாகவும், காலையில் பசியே எடுப்பதில்லை என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாய். அம்மா பதறியதும், "எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று பேச்சை முடித்துவிட்டாய். இருபத்தொன்பது வயதில் நானும் என் அம்மாவிடம் ஏறக்குறைய அதே சொற்களைத்தான் சொன்னேன். அதனால்தான் அப்போது எனக்கு வாய் வரவில்லை. நிதானமாக எழுதலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னிடம் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. மூன்று மாதங்களுக்கு முன் ஒருநாள் காலை நடை முடித்து வாசலுக்கு வந்து குனிந்தபோது, இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்த் தேடியபோது தெருமுனையில் கிடந்தது. அங்கிருந்து வீடு வரை வெறுங்காலுடன் நடந்திருக்கிறேன். உள்ளங்காலில் கல் கீறி ரத்தம் கசிந்திருந்தது, ஆனால் வலி இல்லை. அந்த வலியில்லாமைதான் என்னைப் பயமுறுத்தியது. மருத்துவர் என்னைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டார். தொடுவது தெரியும்போதெல்லாம் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். கண்ணைத் திறந்த பிறகு, அவர் தொட்டதில் பாதி இடங்களில் நான் வாயே திறக்கவில்லை என்று சொன்னார். எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு இருப்பது உனக்குத் தெரியும். கூடுதலான சர்க்கரை உடம்பின் மிக நீளமான நரம்புகளைத்தான் முதலில் கெடுக்கும், அதனால் உணர்விழப்பு கால்விரல் நுனியிலிருந்து தொடங்கும் என்பதை அன்றுதான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

கணக்கு எழுதியே பிழைத்தவன் அல்லவா, அன்றிரவு ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அலுவலகக் காலத்தில் நாளுக்கு ஐந்து முறை தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. கரண்டிக்கு நான்கு கிராம் என்று குறைத்தே வைத்தாலும் நாளொன்றுக்கு 40 கிராம், ஆண்டுக்கு 14.6 கிலோ, 25 ஆண்டுகளில் 365 கிலோ. 2,000 கலோரி உண்ணும் ஒருவர், உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. என் 40 கிராம் தேநீரில் மட்டும் போனது. பிஸ்கட்டும் குளிர்பானமும் அந்தத் தாளில் ஏறவே இல்லை. தேநீரால்தான் நோய் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பரம்பரை உண்டு, நாள் முழுக்க நாற்காலியில் இருந்த உடம்பு உண்டு, நான் பெருமையாகத் தடவிக்கொண்ட தொப்பையும் உண்டு. ஆனால் பரம்பரையில் உனக்கும் பங்கு இருக்கிறது என்பதை மறந்துவிடாதே.

இந்த நோய் ஏன் இத்தனை காலம் சத்தமில்லாமல் இருக்கிறது என்று மருத்துவரைக் கேட்டேன். ஆரோக்கியமான ஒருவருடைய ரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் ஓடும் சர்க்கரை சுமார் ஐந்து கிராம்தான், ஒரு தேக்கரண்டி அளவு. 330 மில்லி குளிர்பானம் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் இருக்கிறது. அத்தனையும் உள்ளே வரும்போது கணையம் இன்சுலினைச் சுரந்து, தசைக்கும் கல்லீரலுக்கும் அதை ஒதுக்கித் தள்ளுகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர அந்த உறுப்புகள் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. கணையம் குரலை உயர்த்திக்கொண்டே போகிறது. அது ஈடுகொடுக்கும் வரை, அது பல ஆண்டுகளாகவும் இருக்கலாம், பரிசோதனைத் தாளில் எல்லாம் சரியாகவே இருக்கும். நானும் அந்த ஆண்டுகளில் 'ஒன்றும் இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதயக் குழாய்களின் கதையும் இப்படித்தான். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் 1953இல் தங்கள் கண்டறிதலை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 22. ஆயினும் நான்கில் மூன்று பேருக்கு மேல் இதயத் தமனிகளில் நோயின் தடம் தெரிந்தது. அணிவகுத்து நடந்த, நெஞ்சுவலி என்று ஒருநாளும் சொல்லாத பிள்ளைகள் அவர்கள்.

உன் எலும்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எலும்பின் அடர்த்தி ஏறக்குறைய முப்பது வயது வரைதான் கூடுகிறது. அதன்பின் இருப்பதைக் காப்பாற்ற முடியுமே தவிர, பெரிதாகச் சேர்க்க முடியாது. பால், தயிர், பருப்பு, கீரை இவையெல்லாம் உன் தட்டில் இருக்க வேண்டிய காலம் இதுதான். பிற்பகலானால் உடம்பு தளர்ந்து எரிச்சல் வருகிறது என்று முன்பு ஒருமுறை சொன்னாயே, அதை வேலைச் சுமை என்று ஒதுக்கிவிடாமல் இரும்புச்சத்தைப் பரிசோதித்துக்கொள். மாதவிடாயில் ரத்தம் இழக்கும் பெண்களுக்கு அது குறைவது சாதாரணம். கீரை, பருப்பிலுள்ள இரும்பை உடம்பு ஏற்க எலுமிச்சை போன்ற புளிப்புப் பழங்கள் உதவும், சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

காலையில் பசிக்காததற்காக நான் உன்னைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. இரவு பத்தரைக்கு வயிறு நிரம்பினால் காலையில் பசி எப்படி வரும்? எனக்குக் கவலை அந்தப் பொட்டலங்களைப் பற்றித்தான். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இருபது பேரை ஒரு மாதம் அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இருபுறமும் ஒத்தே இருந்தன; வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தங்களை அறியாமல் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடினார்கள். ஆகவே இது உன் மனவுறுதியின் குறை என்று நான் நினைக்கவில்லை. வேகமாக உள்ளே இறங்கும்படியே அந்த உணவு செய்யப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் எழுதியது உன்னைப் பயமுறுத்த அல்ல, உடம்பு நல்லதையும் விரைவாக ஏற்றுக்கொள்ளும் என்பதற்காகவே. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், உப்பைக் குறைக்காமலேயே, காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் இவற்றைக் கூட்டியதால் இரண்டு வாரத்துக்குள் ரத்த அழுத்தம் இறங்கியது. நீரிழிவின் விளிம்பில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2002இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஏழு சதவீத எடைக் குறைப்பையும் வாரத்துக்கு 150 நிமிட நடையையும் இலக்காகக் கொண்டவர்களிடம் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை உண்டவர்களிடம் 31 சதவீதம்தான். அந்த விளிம்பைத் தாண்டிய பிறகே நான் அதைப் படித்தேன்.

எனவே உன்னிடம் இரண்டே கோரிக்கை. வாரத்தில் நான்கு இரவுகளாவது எட்டு மணிக்குள், நீயே சமைத்ததை, தட்டில் பாதி காய்கறியாக வைத்துச் சாப்பிடு. ஒரே குக்கரில் பருப்பும் காயும் சேர்த்து வைத்தால்கூடப் போதும், சுவையைப் பற்றி அம்மா கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்தது, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை. சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், அவற்றில் ஒட்டிய சர்க்கரை முன்பு நடந்ததை அப்படியே சொல்லிவிடும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் இனிப்பை நிறுத்தி மருத்துவரை ஏமாற்றப் பார்த்த உன் அப்பா, இந்தத் தேர்வில்தான் மாட்டிக்கொண்டேன். 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி; 5.7 முதல் 6.4 வரை இருந்தாலும் பதற வேண்டாம், மேலே சொன்ன ஆய்வில் இருந்தவர்களும் உன்னைப் போல் விளிம்பில் நின்றவர்கள்தான்.

தாள் கைக்கு வந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் இப்போது பின்பக்கம் வார் வைத்த செருப்புதான் போடுகிறேன், இரவில் படுக்கும் முன் அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு என் பாதங்களை ஒருமுறை பார்த்துவிடுகிறாள்.

அன்புடன்,
அப்பா