கிறிஸ்துமஸ் பலகாரம்: இந்த வருஷம் ரெடி மிக்ஸ் ஏன் இல்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம்ம ஊர் ஊசிக்கோபுரச் சர்ச் பக்கம் ஸ்டார் தொங்க ஆரம்பித்ததுமே கடையில் முதலில் வரும் கேள்வி, "அண்ணாச்சி, ரோஸ் குக்கீஸ் மிக்ஸ் வந்துட்டா?" என்பதுதான். இந்த வருஷம் மிக்ஸ் வரவில்லை. நாங்களேதான் வேண்டாம் என்று நிறுத்தினோம். காரணத்தைக் கல்லாவில் நின்றபடி ஒவ்வொருவரிடமும் விளக்க நேரம் இருக்காது, அதனால் இந்த மடல்.

அந்தப் பாக்கெட்டில் இருப்பது மைதா, அரிசி மாவு, பொடித்த சீனி, கொஞ்சம் சோடா, கொஞ்சம் வாசனை. தேங்காய்ப்பாலும் முட்டையும் எப்படியும் நீங்கள்தான் சேர்க்கிறீர்கள். மீதி எல்லாம் எங்கள் அலமாரியில் தனித்தனியாகவே இருக்கிறது, விலையும் குறைவு. சீனி கலந்த மாவு இந்த மழைக்கால ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டுவது இன்னொரு தொல்லை. அதற்குப் பதிலாக, கேட்பவர்களுக்கு மாவு, சீனி, எள் எல்லாவற்றையும் அளந்து தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தருகிறோம். வீட்டில் கலந்தால் போதும்.

எத்தனை வகை செய்யலாம் என்று கேட்பவர்களிடம் நாங்கள் சொல்வது மூன்று. எண்ணெயில் ஒன்று, கையால் உருட்டுவது ஒன்று, அவனில் (ஓவன்) வைப்பது ஒன்று. பெரியவர்கள், சிறுசுகள், சமையல் பழகாத அப்பாமார் என்று எல்லோருக்கும் ஒரு வேலை கிடைக்கும். ஏழெட்டு வகைக்குப் பட்டியல் போட்டு வருபவர்கள் 23ஆம் தேதி ராத்திரி அம்மாவை மட்டும் அடுப்படியில் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

முதலில் ரோஸ் குக்கீஸ், அதாவது நம் அச்சு முறுக்கு. கேரளத்தில் அச்சப்பம், இலங்கையில் கொக்கிஸ். நார்வே, சுவீடன் பக்கமும் கிறிஸ்துமஸுக்கு இதே மாதிரி பூ அச்சை மாவில் முக்கிப் பொரிக்கிறார்கள். மைதா ஒரு டம்ளர், பச்சரிசி மாவு ஒரு டம்ளர், பொடித்த சீனி முக்கால் டம்ளர், 2 முட்டை, கெட்டித் தேங்காய்ப்பால் சுமார் ஒன்றரை டம்ளர், கறுப்பு எள், ஒரு சிட்டிகை உப்பு. தோசை மாவைவிடச் சற்று இளக்கமாக இருக்க வேண்டும். இனிப்பு பத்தாது என்று சீனியைக் கூட்டாதீர்கள். சீனி ஏறினால் உள்ளே மொறுமொறுப்பு வரும் முன்பே வெளியே கறுத்துவிடும்.

மாவைவிட முக்கியம் அச்சு. புது அச்சை வாங்கிய அன்றே சுட உட்கார்ந்தால் மாவு அச்சைவிட்டு வரவே வராது. தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி இதையும் பழக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீரிலோ கஞ்சியிலோ ஒரு நாள் ஊறவைத்துக் கழுவித் துடைத்து, ராத்திரி முழுக்க எண்ணெயில் போட்டு வையுங்கள். சுடும்போது அச்சும் எண்ணெயிலேயே காய வேண்டும். எடுத்ததும் எண்ணெயை நன்றாக உதறிவிட்டு மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்க வேண்டும். முக்கும்போது 'சுர்' என்று மெல்லச் சத்தம் வந்து மாவு ஒட்டிக்கொண்டால் சூடு சரி. ஒட்டாமல் வழுக்கினால் அச்சில் எண்ணெய் மிஞ்சியிருக்கிறது, அல்லது சூடு போதவில்லை. மாவு அச்சின் தலையை மூடிவிட்டால் பூ கழலாது, கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். அரிசி மாவு அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு கிண்டு கிண்டிவிட்டு முக்குங்கள்.

எண்ணெய் உங்கள் விருப்பம். குமரி மாவட்டத்திலிருந்து இங்கே வந்து குடியிருப்பவர்கள் தேங்காய் எண்ணெய்க்குக் கீழே இறங்க மாட்டார்கள். வாசனையைப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் நியாயம் என்று எங்களுக்கும் படுகிறது. பர்ஸைப் பார்த்தால் கடலை எண்ணெய் போதும்.

குழந்தைகளை அந்தச் சட்டிப் பக்கம் விட வேண்டாம். அவர்களுக்கென்று இருப்பது குல்குல். மைதா 2 டம்ளர், ரவை கால் டம்ளர், பொடித்த சீனி அரை டம்ளர், சூடான நெய் 2 மேசைக்கரண்டி, பிசையத் தேவையான தேங்காய்ப்பால். பூரி மாவு பதத்துக்குப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் வையுங்கள். நெல்லிக்காயைவிடச் சின்ன உருண்டை எடுத்து, புதுச் சீப்பின் மேலோ முள்கரண்டியின் முதுகிலோ வைத்து அழுத்தித் தேய்த்து அப்படியே சுருட்டினால் வரிவரியாகச் சங்கு மாதிரி வரும். ஓரத்தை மட்டும் நன்றாக ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் எண்ணெயில் விரிந்துவிடும். ஆறு வயதுக் கை செய்தது கோணலாக இருக்கும், தாத்தா செய்தது அதைவிடக் கோணலாக இருக்கும். தட்டில் எது யாருடையது என்று பார்த்தவுடனே தெரியும். அதற்காகவே இதைச் செய்யலாம். மிதமான தீயில் பொறுமையாகப் பொரியுங்கள். அவசரப்பட்டால் நடுவில் மாவு வேகாது.

மூன்றாவது பட்டர் பிஸ்கட். கடையில் அதிகம் புலம்பல் வருவது இதற்குத்தான்: "அண்ணாச்சி, ஸ்டார் ஷேப்புல வெட்டுனேன், அப்பளமாட்டம் பரந்து போச்சு." மாவு சரியில்லையா என்று கேட்பார்கள். பெரும்பாலும் கோளாறு வெண்ணெயில் இருக்கும்.

கணக்கு சுலபம், மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று: மைதா 300 கிராம், வெண்ணெய் 200 கிராம், பொடித்த சீனி 100 கிராம். ஸ்காட்லாந்துக்காரர்களின் ஷார்ட்பிரெட் கணக்கு இது. முட்டை இல்லை, சோடா இல்லை. வெண்ணெய், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு இளகியிருந்தால் போதும். நம் ஊர்ச் சமையலறைச் சூட்டில் கொஞ்சம் அசந்தாலும் உருகிவிடும். உருகிய வெண்ணெயில் பிசைந்த மாவு அவனுக்குள் போனதும் இறுகும் முன்னரே ஓடிவிடும். அதனால் வெட்டிய பிஸ்கட்டுகளைத் தட்டோடு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, முன்பே சூடேற்றிய அவனில் 160 டிகிரியில் 20 நிமிடம் வரை வையுங்கள். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். சூட்டில் தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆறினால்தான் இறுகும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளுபவர்களுடைய பிஸ்கட்தான் கல்லாகிறது.

உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். மைதா வாங்கும்போது எதற்கு என்று சொல்லுங்கள். பரோட்டாவுக்கு இழுவை வேண்டும், பிஸ்கட்டுக்கு அந்த இழுவை ஆகாது. வீட்டில் இருப்பதையே போடுவதானால் டம்ளருக்கு 2 மேசைக்கரண்டி மைதாவை எடுத்துவிட்டு அதே அளவு சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) சேருங்கள். மாவு சேர்த்தபின் சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரிப் பிசையவும் வேண்டாம், ஒன்றுசேர்ந்தால் போதும்.

வெண்ணெய்க்குப் பதில் டால்டா, மார்ஜரின் போடலாமா என்பதற்கும் இங்கேயே பதில். 2022 ஜனவரி முதல் இவற்றில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆகவே பழைய பயம் அவ்வளவு வேண்டியதில்லை. ஆனால் ருசி வேறு. வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும், வாயில் போட்டதும் கரையும். இவற்றில் பல அந்தச் சூட்டில் முழுதாக உருகுவதில்லை, அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். நாங்கள் இரண்டையும் விற்கிறோம். குக்கீஸ் என்று சொன்னால் வெண்ணெயைத்தான் எடுத்துத் தருவோம்.

அவன் இல்லாதவர்கள் கனமான குக்கரில் ஒரு விரல் உயரத்துக்குக் கல் உப்பு பரப்பி, அதன் மேல் ஸ்டாண்டு வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி, பத்து நிமிடம் சூடேற்றிவிட்டுத் தட்டை உள்ளே வைக்கலாம். சின்னத் தீ. ஒரு ஈடுக்கு ஆறேழு பிஸ்கட்தான் கொள்ளும், அதற்குத் தயாராக உட்காருங்கள்.

மக்ரூன் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிதான் அது. ஆனால் குறைந்த சூட்டில் ராத்திரி முழுக்கக் காய வேண்டும். இந்த ஈரக் காற்றில் வீட்டில் முயன்று பொருளை வீணாக்க வேண்டாம். தூத்துக்குடி பக்கத்தில்தானே இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கத்துக்குத் தட்டு கொடுப்பவர்கள் பட்டர் பிஸ்கட்டையும் முட்டை சேர்க்காத குல்குல்லையும் முதலில் செய்து, தனி டப்பாவில் போடுங்கள். தீபாவளிக்கு நமக்குத் தட்டு வந்த வீடுகளில் முட்டை தொடாதவர்களும் உண்டு. ரோஸ் குக்கீஸ் பொரித்த எண்ணெயில் மற்றதைப் போட வேண்டாம். எது செய்தாலும் முழுதாக ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள். நமுத்துப்போன ரோஸ் குக்கீஸை 100 டிகிரி அவனில் ஐந்தாறு நிமிடம் வைத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுப்பாகும்.

அச்சு சொந்தமாக இல்லாதவர்களுக்கு, பழக்கிய அச்சு சில எங்களிடம் இருக்கிறது. முன்பணம் கட்டி இரண்டு நாளைக்கு எடுத்துப் போகலாம். திருப்பித் தரும்போது சோப்புப் போட்டுத் தேய்க்காமல் துணியால் துடைத்துத் தாருங்கள், அடுத்த வீட்டுக்காரர் உங்களை வாழ்த்துவார். பொட்டலத்துக்கு முந்தின நாளே சொல்லிவிட்டால் கட்டி வைத்திருப்போம். 24ஆம் தேதி மாலை 6 மணியோடு கடை அடைப்பு, 25 விடுமுறை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுடன்,
உங்கள் கடைக்காரர்கள்,
பாளையங்கோட்டை