மலருக்கு, கோர்ட் வாசலிலிருந்து அப்பா

பாளையங்கோட்டை
8.2.2026

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா, தம்பி, ஆச்சி எல்லோரும் நலம். ஆச்சிக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. காலை வெயில் ஏறியதும் தானே நடந்து திண்ணைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

போன வாரம் நீ போனில் "சட்டம் படிக்கணும்ப்பா, அதுக்கான நுழைவுத் தேர்வு கிளாட்டை எழுதலாம்னு இருக்கேன்" என்று சொன்னபோது நான் பதில் பேசவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஆசையை நீ சொன்னபோது, "கோர்ட்டைத் தினமும் பார்க்கிறவன் சொல்றேன், பொம்பளைப் பிள்ளைக்கு அது சரிப்படாது" என்று சொல்லி வாயை அடைத்தேனே, அதுதான் அன்றைக்கு என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. உண்மையான காரணம் அதுவல்ல, மலர். அந்த வருஷம் என் கையில் பணம் இல்லை. சாதிச் சான்றிதழுக்கு நான் காலத்தோடு எழுதிக் கொடுக்கவும் இல்லை. அதை உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, இல்லாத ஒரு காரணத்தைச் சொன்னேன். நீயும் எதிர்த்துப் பேசாமல் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டாய். எங்கள் சீனியர் வக்கீலிடம் இப்போது இரண்டு பெண் ஜூனியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுந்து நின்று வாதாடும்போதெல்லாம் நான் கேஸ் கட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். உன்னை நினைக்காத நாள் கிடையாது. நான் அன்று செய்தது தப்பு.

சரி, இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். இந்த வாரம் முழுக்க இதைப் பற்றித்தான் விசாரித்தேன். ஜூனியர்களில் ஒரு பெண் அந்தத் தேர்வை எழுதி திருச்சியில் படித்தவர். சாயங்காலம் அவரை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

முதலில் உன் பயம். மூன்று வருஷம் போய்விட்டதே, இருபது வயதாகிவிட்டதே என்றாய். கிளாட்டுக்கு மேல் வயது வரம்பு கிடையாது. பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும், 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 40 சதவீதம். எந்த குரூப் படித்தோம் என்பது கேள்வியே இல்லை. 600-க்கு 270 இருந்தால் போதும் என்ற இடத்தில் நீ 418 வைத்திருக்கிறாய். உன் மதிப்பெண் பட்டியலை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தேர்வுக்கு ஒரு கதை உண்டு. பெங்களூருவில் மாதவ மேனன் என்ற பேராசிரியர் 1980-களின் கடைசியில் தேசிய சட்டப் பள்ளியை நடத்தத் தொடங்கினார். பிளஸ் டூ முடித்ததும் ஐந்து வருஷம் சட்டம் படிக்கிற முறை அங்கே வெற்றி பெற்றதைப் பார்த்து ஹைதராபாத், கொல்கத்தா என்று ஒவ்வொரு மாநிலமாக இப்படிப் பல்கலைக்கழகம் வந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தேர்வு வைத்ததால் பிள்ளைகள் ஊர் ஊராக அலைந்தார்கள். விஷயம் உச்சநீதிமன்றம் வரை போன பிறகு, 2008-ல் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து முதல் பொதுத் தேர்வை நடத்தின. இப்போது இருபதுக்கும் மேல் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தேர்வு நடத்தும் கூட்டமைப்பைக் கன்சார்ட்டியம் என்கிறார்கள். டெல்லி மட்டும் ஐலெட் என்று தனியாக நடத்துகிறது. அதற்கு வேறு விண்ணப்பம், வேறு நாள். முதலில் கிளாட்டைப் பார், அது போதும்.

தேர்வு டிசம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் 2 மணி முதல் 4 மணி வரை. போன தடவை டிசம்பர் 7-ல் நடந்தது. ஒன்று கவனி: டிசம்பரில் எழுதுகிற தேர்வுக்கு அடுத்த வருஷத்தின் பெயரைத்தான் வைக்கிறார்கள். நீ இந்த டிசம்பரில் எழுதினால் அதன் பெயர் கிளாட் 2027. விண்ணப்பம் ஆடி, ஆவணி வாக்கில் வரும். இணையத்தில்தான் போட வேண்டும். கட்டணம் இதுவரை பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 3,500. அந்தப் பணத்தை நான் கட்டுகிறேன். உன் சம்பளத்திலிருந்து கட்டாதே. மையமாகப் பெங்களூருவைக் கேள். ஓசூரிலிருந்து பக்கம், முதல் நாள் ராத்திரி பஸ்ஸில் விழித்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

இனி தேர்வைப் பற்றி. 120 கேள்வி, 120 நிமிஷம். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தப்புக்குக் கால் மதிப்பெண் போய்விடும். நாலு தப்பு ஒரு சரியைத் தின்றுவிடும் என்று வைத்துக்கொள். ஐந்து பகுதி இருக்கிறது. பொது அறிவோடு சேர்ந்த நடப்புச் செய்திகளும் சட்டப் பகுத்தறிவும் சேர்ந்தால் கேள்வியில் ஏறக்குறைய பாதி. ஆங்கிலமும் தர்க்கமும் ஐந்தில் ஒரு பங்கு வீதம். கணக்குப் பத்தில் ஒரு பங்குதான், அதுவும் பத்தாம் வகுப்புக் கணக்கு. சதவீதம், விகிதம், சராசரி. லைனில் தினமும் எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது என்று சதவீதம் போட்டு எழுதுகிறாயே, அதை விடக் கஷ்டமாக ஒன்றும் வராது.

ஆனால் 120 கேள்விக்கு 120 நிமிஷம் என்பதை அப்படியே நம்பிவிடாதே. 2020-லிருந்து எல்லாக் கேள்வியும் பத்தியிலிருந்துதான் வருகிறது. ஏறக்குறைய 450 சொல் உள்ள ஒரு ஆங்கிலப் பத்தி, அதற்குக் கீழே சில கேள்விகள். மொத்தம் கூட்டினால் பத்தாயிரம் சொல் வந்துவிடும். அதைப் படிக்கிற நேரமும் அந்த 120 நிமிஷத்துக்குள்தான். அந்த ஜூனியர் பெண் சொன்னது இது: "அண்ணாச்சி, சட்டம் தெரியாம யாரும் தோக்கலை, படிச்சு முடிக்க முடியாமத்தான் தோத்தாங்க." உனக்கு இதுதான் முக்கியம். தமிழ் மீடியத்தில் படித்தவள் நீ, தேர்வோ ஆங்கிலத்தில் மட்டும்தான். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஷம்நாத் பஷீர் என்று ஒரு சட்டப் பேராசிரியர் இருந்தார், 2019-ல் காலமாகிவிட்டார். வசதியில்லாத பிள்ளைகளும் பார்வையில்லாத பிள்ளைகளும் இந்தத் தேர்வை எழுத முடியாமல் வெளியே நிற்கிறார்களே என்று, அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவே 2010-ல் ஐடியா என்ற அமைப்பை ஆரம்பித்தார். அப்படி வந்த பிள்ளைகள் இன்று வக்கீல்களாக இருக்கிறார்கள். ஆங்கிலம் பழக்கத்தில் வருவதுதான்.

நான் நினைக்கிற வழி இது. காலையில் ஒரு செய்தியை முதலில் தமிழ்ப் பத்திரிகையில் படி. அதே செய்தியை அடுத்து ஆங்கிலப் பத்திரிகையில் படி. விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஆங்கிலம் தடுக்காது. உச்சநீதிமன்றத் தீர்ப்பு, நாடாளுமன்றத்தில் வந்த மசோதா, வெளிநாட்டு ஒப்பந்தம், இந்த மூன்றில் எது வந்தாலும் விடாதே. ஒரு நோட்டில் தேதி போட்டு நாலு வரி எழுதி வை. ஒரு மாதம் போனதும் தலையங்கத்தை நேராக ஆங்கிலத்தில் எடு, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

சட்டப் பகுதியைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன். அதில் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். ஒரு சம்பவத்தைச் சொல்லி, அந்த விதிப்படி என்ன ஆகும் என்று கேட்பார்கள். உதாரணத்துக்கு, பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று விதி. பதினேழு வயதுப் பையன் ஒருவன் வயதை மறைத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்துக் கடன் வாங்குகிறான், திருப்பித் தரவில்லை. அந்தப் பத்திரத்தை வைத்து வழக்குப் போட்டால் நிற்குமா? நம் மனசு "பொய் சொல்லி வாங்கினவன் கொடுக்கத்தானே வேண்டும்" என்று சொல்லும். அந்த மனசோடு விடை எழுதினால் போச்சு. பத்தியில் இருக்கிற விதிப்படி அது செல்லாத ஒப்பந்தம். கல்கத்தாவில் நிஜமாகவே இப்படி ஒரு வழக்கு வந்து, அந்தக் காலத்தில் நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1903-ல் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கும் எங்கள் கோர்ட்டில் அதை எடுத்துச் சொல்கிறார்கள். அதே சமயம், பத்தியில் "வயதை மறைத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் விடை மாறிவிடும். உனக்கு வெளியே தெரிந்த சட்டத்தை வைத்து அந்த வரியைத் தள்ளிவிடக் கூடாது.

எங்கள் சீனியர் புதிதாக வருகிற ஜூனியர் எல்லோருக்கும் முதல் நாள் சொல்வது, "கேஸ் கட்டில் இல்லாததைப் பேசாதே." வாதியிடம் நியாயம் இருக்கலாம், பார்த்தாலே அழுகை வரலாம். ஆனால் பிராதில் எழுதாததை, ஆவணத்தில் இல்லாததை நீதிபதி முன்னால் சொல்ல முடியாது. எத்தனையோ நல்ல வழக்கு இதனால் தோற்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தேர்வு கேட்பதும் இதைத்தான். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்தில் உட்கார்ந்து பிராது நகலை எழுத்துக் கூட்டி வாசிப்பாய். "இதுல அவர் கையெழுத்து இல்லையேப்பா" என்று ஒருநாள் ஒரு பத்திரத்தைக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் அதைச் சீனியரிடம் சொன்னேன். அந்தக் கண் உனக்கு அப்போதே இருந்தது.

கோச்சிங் பற்றிக் கேட்டாய். விசாரித்த இடத்தில் லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். இப்போதைக்கு வேண்டாம். பழைய வினாத்தாள்கள் கன்சார்ட்டியம் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. ஜூனியர் பெண் தன் புத்தகங்களைத் தருகிறேன் என்றார். ஜூலை வரை நீயே படித்துப் பார். அதற்குப் பிறகு தேவை என்று தோன்றினால் மாக் டெஸ்ட் என்கிற மாதிரித் தேர்வுகளை மட்டும் வாங்கலாம். ஏ ஷிப்ட் வாரத்தில் 2 மணிக்கு வந்ததும் படுத்துவிடுகிறாய், உன் உடம்பு அதற்குப் பழகியிருக்கிறது. தேர்வு தொடங்குவதும் அதே 2 மணிக்கு. அதனால் ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வைச் சரியாக 2 மணிக்கே உட்கார்ந்து எழுது. விடைத்தாளில் இருக்கும் ஓ.எம்.ஆர் வட்டத்தைக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று விட்டுவைக்காதே, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிரப்பிவிடு. தேர்வு முடிந்ததும் உத்தேச விடைக்குறிப்பு வரும், ஆட்சேபணை சொல்லக் கொஞ்ச நாள்தான் தருவார்கள். 2024 டிசம்பர் தேர்வில் விடைகள் தப்பு என்று பிள்ளைகள் உயர்நீதிமன்றம் போய், 2025-ல் உச்சநீதிமன்றத்தில்தான் முடிவு வந்தது. எனவே அதை வந்த அன்றே பார்த்துவிட வேண்டும், நான் உன்னோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.

நமக்குத் திருச்சி கிடைத்தால் நல்லது. நாவலூர்குட்டப்பட்டில் இருக்கிறது தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், 2013 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்று அங்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். செலவு ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வரும், அதற்கு வங்கிக் கடன் போடலாம். ரேங்க் வரவில்லை என்றாலும் வழி அடைபடாது. நம் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். இங்கே திருநெல்வேலியிலும் ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 சட்டப்படி 7.5 சதவீத இடம் உண்டு, அதில் நீ வருவாய். அங்கிருந்து வந்தவர்கள்தான் எங்கள் கோர்ட்டில் முக்கால்வாசிப் பேர். இரண்டுக்குமே விண்ணப்பிப்போம்.

சான்றிதழ் விஷயத்தில் இந்தத் தடவை நான் முந்திவிட்டேன். சாதிச் சான்றிதழ் வந்துவிட்டது. இருப்பிடச் சான்றிதழுக்கு வியாழக்கிழமை இ-சேவை மையத்தில் பதிந்தேன், ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உன் பள்ளிக்குப் போய், ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்ததற்குத் தலைமையாசிரியரிடம் எழுதி வாங்க வேண்டும். மாற்றுச் சான்றிதழின் அசல் உன் கம்பெனியில் கொடுத்திருந்தால் இப்போதே கேட்டு வாங்கு, கடைசி நேரத்தில் அலையவிடுவார்கள். ஆதாரில் உன் பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியல் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னால் இருக்கிறது. அதைச் சரிசெய்ய உன் கைரேகை வேண்டும், அடுத்த லீவில் வரும்போது செய்துவிடலாம்.

வருகிற 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வருகிறேன். ஜூனியர் பெண்ணின் புத்தகங்களையும், நான் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிற மூன்று வருஷ வினாத்தாள்களையும் கொண்டுவருகிறேன். அம்மா கருவாடு தரப் போகிறாள், ஹாஸ்டலில் விடுவார்களா என்று கேட்டுச் சொல். அன்றைக்கு உனக்கு எந்த ஷிப்ட் என்றும் சொல், அதைப் பார்த்துத்தான் பஸ் ஏறுவேன்.

அன்புடன்,
அப்பா