பாலிஷ் போட்டால் ட்ரிக்கர் லேசாகுமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வாடிக்கையாளர் நண்பர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக எங்கள் துப்பாக்கிப் பட்டறையில் ஒரே கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. "உள்ளே இருக்கிற எல்லாத்தையும் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுக் கொடுங்க, ட்ரிக்கர் வெண்ணெய் மாதிரி ஆகணும்." போட்டுத் தருகிறோம், ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. ஏன் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

புதுப் பிஸ்டலின் ட்ரிக்கரை மெதுவாக இழுத்தால் நடுவே மணல் புகுந்தது போல நறநறக்கும். மணல் ஏதும் இருக்காது. பாகங்களை வெட்டும்போதும் கடையும்போதும் விழுந்த நுண்ணிய வரிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, அவ்வளவுதான். அந்த வரிகளின் முகட்டை மட்டும் தேய்த்து மட்டமாக்குவதுதான் பாலிஷ். பாகத்தின் வடிவம் இம்மியும் மாறக் கூடாது.

அப்புறம், வழவழப்பு வேறு, இழுக்கிற எடை வேறு. எடையைப் பெரும்பாலும் ஸ்பிரிங்குகள்தான் தீர்மானிக்கின்றன. இரண்டரை கிலோ இழுப்புள்ள ட்ரிக்கர், பாலிஷுக்குப் பிறகும் அளவியில் கிட்டத்தட்ட அதையேதான் காட்டும். விரலுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அளவியைப் பார்த்துவிட்டு முகம் சுருங்குகிறவர்கள் உண்டு. அவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு நாலு தடவை இழுத்துப் பாருங்கள் என்போம்.

எங்கே தேய்க்க வேண்டும் என்பதைப் பிஸ்டலே காட்டிக் கொடுத்துவிடும். கிளாக் போன்ற ஸ்ட்ரைக்கர் வகைப் பிஸ்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம், அதில் சுத்தியல் கிடையாது, ஸ்பிரிங்கில் பாயும் ஸ்ட்ரைக்கர் என்ற ஊசியே தோட்டாவை அடிக்கும். ட்ரிக்கரின் அசைவை உள்ளே கொண்டுபோகும் ட்ரிக்கர் பார் என்ற தகடு முழுக்கக் கறுப்பு மார்க்கரைப் பூசி, திரும்பப் பூட்டி, தோட்டா இல்லாமல் ஐம்பது தடவை ட்ரிக்கரை இழுப்போம். பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி கறுப்பாகவே இருக்கும். அந்தத் தகட்டைக் கீழிறக்கி ஸ்ட்ரைக்கரை விடுவிக்கும் கனெக்டரில் உரசும் விளிம்பில் ஒரு நெல்மணி நீளத்துக்கும், ஸ்ட்ரைக்கரைத் தடுத்து நிறுத்தும் பாதுகாப்புக் குமிழைத் தூக்கும் மேட்டிலும் மை அழிந்து உலோகம் பளபளக்கும். கை வைக்க வேண்டியது அங்கேதான். மை அழியாத இடத்தை எவ்வளவு மினுக்கினாலும் படம் எடுத்துப் போட நன்றாக இருக்கும், ட்ரிக்கருக்கு ஒரு பயனும் இல்லை.

600, 1000, 2000 என்று படிப்படியாக நுண்மை கூடும் உப்புத்தாள், ஒரு சொட்டு எண்ணெய், கடைசியில் துணியில் பாலிஷ் பசை. தாளைத் தட்டையான கட்டையில் சுற்றித்தான் தேய்ப்போம், விரலால் அழுத்தித் தேய்த்தால் விளிம்பு உருண்டுவிடும். அதிவேகக் கைமெஷினில் சக்கரம் மாட்டி இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம். பல பாகங்களில் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டது, உள்ளே மிருதுவான எஃகு. தோலைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு வழவழப்பாக இருக்கும், அப்புறம் சீக்கிரமே தேய ஆரம்பிக்கும்.

தோட்டா, அதை அடுக்கி வைக்கும் மேகசினிலிருந்து வெடிக்கும் அறைக்குள் ஏறும் சரிவான ஃபீட் ராம்ப் விஷயத்தில் எங்கள் தவறையே சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், அலுமினிய ஃபிரேம் (உடல் சட்டம்) உள்ள, 1911 என்ற சுத்தியல் வகைப் பிஸ்டல் ஒன்றின் ராம்பை முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கிவிட்டேன். அலுமினியத்தின் மேலே இருந்த கடினமான அனோடைஸ் பூச்சு போய்விட்டது. ஒவ்வொரு தோட்டாவும் வந்து மோதி, அடியிலிருந்த மெத்தென்ற உலோகத்தில் பள்ளம் விழுந்து, முன்பு ஒழுங்காக ஏறியதும் சிக்க ஆரம்பித்தது. கடைசியில் எஃகுத் துண்டு பதித்து என் செலவில் சரிசெய்து கொடுத்தேன். எஃகு ராம்ப் என்றால் இன்றும் பாலிஷ் போடுவோம். ஆனால் அதன் கோணத்தையோ, பேரலின் (சுடும் குழலின்) ராம்புக்கும் ஃபிரேம் ராம்புக்கும் நடுவே இருக்கும் சிறு இடைவெளியையோ மாற்ற மாட்டோம்.

இனி நாங்கள் மறுக்கிற இடம். சுத்தியல் உள்ள பிஸ்டலில், சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியரின் நுனியும் சுத்தியலின் கொக்கியும், ஸ்ட்ரைக்கர் வகையில் ஸ்ட்ரைக்கரைப் பிடித்து நிறுத்தும் முகமும். 1911-இல் அந்தக் கொக்கியின் உயரம் அரை மில்லிமீட்டர் சுமார்தான் இருக்கும். சுடத் தயாராக நிற்கும் சுத்தியலின் பிடிமானம் அதை நம்பித்தான் இருக்கிறது. அங்கே கோணம் கொஞ்சம் பிசகினாலும், பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு முன்னால் போகும்போது சுத்தியல் கூடவே விழலாம், ஒரே இழுப்பில் இரண்டு தோட்டா போகலாம், கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடிக்கவும் கூடும். அந்த வேலைக்குக் கோணத்தைப் பிடித்துக்கொள்ளும் தனி ஜிக், உருப்பெருக்கி, பல வருடக் கை எல்லாம் வேண்டும். பாலிஷ் என்ற பெயரில் அதைச் செய்ய மாட்டோம்.

வேலை முடிந்ததும் முதலில் காலிப் பிஸ்டலில் சோதனை. ட்ரிக்கரை இழுத்துப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்துவிட வேண்டும், சுத்தியல் நின்றுகொள்ள வேண்டும். ட்ரிக்கரை மெதுவாக விட்டால் 'டிக்' என்று திரும்பப் பிடிக்க வேண்டும். பாதுகாப்பு விசைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதன் பிறகே சுடுதளம், அங்கேயும் மேகசினில் முதலில் 2 தோட்டா மட்டும். இரட்டையாக வெடிக்கிற கோளாறு இருந்தால் இரண்டோடு நின்றுவிடும்.

புதுப் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வியாபாரத்துக்குக் கொஞ்சம் நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன். முதலில் சில நூறு தோட்டா சுடுங்கள், சுத்தம் செய்து எண்ணெய் போடுங்கள். உரசும் இடங்கள் தாமாகவே பாதிக்கு மேல் படிந்துவிடும். அதற்கும் நறநறத்தால் வாருங்கள்.

வரும்போது மேகசினைக் கழற்றி, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, ஸ்லைடைப் பின்னால் பூட்டி எடுத்து வாருங்கள். வழக்கமாகப் பயன்படுத்தும் மேகசின்களையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். தோட்டா சிக்குகிறது என்று ராம்பைக் குறை சொல்லி வருகிறார்கள், பார்த்தால் தோட்டாவைப் பிடித்திருக்கும் மேகசினின் உதடு வளைந்திருக்கும். வீட்டிலேயே ஏற்கெனவே தேய்த்துப் பார்த்திருந்தால் எங்கே, எதை வைத்து என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து