டைமண்ட் கிரில்லுக்கு அளவு அனுப்பும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளிலிருந்து பழைய ஜன்னல் கிரில் வேலை கொடுப்பவர்கள், ‘டைமண்ட்’ என்று நாம் சொல்லும் சாய்சதுரக் கட்டத்துக்குப் பக்க அளவை மட்டும் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார்கள். இனி இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து அனுப்புமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

சென்ற மாதம் ஒருவர், “நாலு பக்கமும் பதினஞ்சு சென்டிமீட்டருங்க” என்றார். நாங்களும் மேற்கொண்டு கேட்காமல், கூர்முனை 60 பாகை என்று வைத்துக்கொண்டு வெல்டு செய்து அனுப்பினோம். பொருத்தப் போனால், பழைய கட்டத்தின் அகலம் 18 சென்டிமீட்டர், எங்களுடையது 15. தவறு எங்களுடையதே, கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தோம். பக்கங்கள் சமமாக இருப்பதாலேயே கோணம் நிலைத்துவிடாது. கடை வாசலில் இழுத்து மூடும் மடக்குக் கேட்டில், பட்டையின் நீளம் மாறாமலேயே கட்டம் ஒடுங்குவதையும் விரிவதையும் தினமும் பார்க்கிறோம்.

சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று சரிபாதியாகவும் செங்குத்தாகவும் வெட்டுவதோடு, முனைக் கோணங்களையும் பாதியாகப் பிரிக்கின்றன. அந்த வீட்டுக் கட்டத்தின் மூலைவிட்டங்கள் 24, 18. பாதிகள் 12, 9; ஆகவே கட்டம் நான்கு ஒத்த செங்கோண முக்கோணங்களாகப் பிரிகிறது, கர்ணம் அதே 15. நீண்ட மூலைவிட்டத்தின் முனையில் 9-ஐ 12-ஆல் வகுத்தால் 0.75, அதற்கு டான்ஜென்ட் அட்டவணை காட்டும் கோணம் ஏறக்குறைய 36.87 பாகை. இரட்டித்தால் கூர்முனை 73.74 பாகை. அடுத்தடுத்த கோணங்களின் கூடுதல் 180 என்பதால் விரிமுனை 106.26. கம்பிகள் சேரும் இணைப்புக் கோடும் மூலைவிட்டத்தின் மேலேயே விழுவதால், கூர்முனையில் கம்பியின் நீளவாட்டுக்கு 36.87 பாகையில் வெட்ட வேண்டும் என்பதும் இதிலேயே கிடைத்துவிடுகிறது.

பாகைமானி வைத்து அளக்கலாமே என்று கேட்பீர்கள். மூலையில் வெல்டிங் உருண்டு நிற்கும் இடத்தில் அது சரியாக உட்காராது; டேப்தான் நம்பகமானது.

டேப்பை ஒரு மூலையில் கம்பிக் கனத்தின் நடுவிலிருந்து எதிர்மூலையில் கம்பிக் கனத்தின் நடுவுக்குப் பிடியுங்கள். இரு மூலைவிட்டங்களின் வழியாகவும் நூல் கட்டி, அவை வெட்டும் இடத்தில் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். செங்குத்தாக இல்லையென்றாலோ, பாதிகள் சமமாக இல்லையென்றாலோ அது சாய்சதுரமே அல்ல. அப்படிப்பட்ட கட்டத்துக்கு அளவு அனுப்ப வேண்டாம்; நாங்களே நேரில் வந்து அளந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
பட்டறையினர்