முள் குத்திய காலும் அகர் அகரும்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள முனியாண்டி,

உன் கடிதம் கிடைத்தது. செம்பனை முள் குத்திய இடத்தில் சீழ் வைத்துவிட்டது என்று படித்ததும் வயிறு கலங்கியது. சர்க்கரை நோயாளி நீ, வெறுங்காலோடு மரத்தடியில் உனக்கு என்ன வேலை?

"சர்க்கரையை ஒரு சொட்டு ரத்தத்தில் நொடியில் சொல்கிறார்கள், சீழ்ப் பரிசோதனைக்கு மட்டும் ஏன் மூன்று நாள்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறாய். நான் ஆய்வுக்கூடத்தை விட்டு ஆறு வருடமாகிறது, இருந்தாலும் பதில் சொல்கிறேன். சர்க்கரை ரத்தத்தில் இருக்கிறது, அளந்தால் போதும். கிருமியை வளர்த்தெடுக்க வேண்டும், ஐயா!

முதல் நாள் சீழைத் தட்டில் தீற்றி வைப்போம். மறுநாள் முளைத்ததில் சந்தேகமானதை எடுத்து உப்புநீரில் கலக்கி, வேறொரு தட்டில் பஞ்சுக்குச்சியால் மூன்று திசையிலும் பூசுவோம். சாணி மெழுகும்போது உன் அம்மா ஒரு விரற்கடை இடம் விடமாட்டாரே, அப்படி. எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க, அதன்மேல் வெவ்வேறு மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைப்போம். கோப்புக் காகிதத்தில் துளை போட்டால் உதிரும் பொட்டு அளவுதான், 6 மில்லிமீட்டர். 35 பாகை செல்சியஸ் சூட்டில் 16 முதல் 18 மணி நேரம் கழித்துப் பார்த்தால், மருந்தால் கிருமி வளர முடியாத இடத்தில் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் தெரியும். மருந்து பலிக்காத இடத்தில் கிருமி வில்லையின் விளிம்புவரை மொய்த்திருக்கும். வட்டத்தை அடிக்கோலால் அளப்போம். பெரிய வட்டம்தான் நல்ல மருந்து என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு மருந்தும் தட்டில் பரவும் வேகம் வேறு, அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை உண்டு.

அந்தத் தட்டில் இருப்பது என்ன தெரியுமா? தீபாவளிக்கு உன் வீட்டில் கிண்டும் அதே அகர் அகர், கடற்பாசிச் சரக்கு! ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் சூட்டில் உருகித் தொல்லை கொடுத்தபோது, 1881இல் ஃபானி ஹெஸ்ஸே என்ற பெண்மணிதான் தன் சமையலறையிலிருந்து இதை எடுத்துக் கொடுத்தார். ஜாவாவில் வாழ்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கற்றதாம். நம் பக்கத்துச் சரக்கு அங்கே போய்ப் பேர் வாங்கியதில் எனக்கு இன்றும் ஒரு கர்வம்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காதே. சீழ் எடுப்பதற்கு முன்னால் அலமாரியில் கிடந்த பழைய ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஏதும் விழுங்கினாயா? விழுங்கியிருந்தால் தட்டில் கிருமி முளைக்காமலே போகலாம். டாக்டரிடம் உடனே சொல்லிவிடு.

நம் தோட்டத்து லய வீடுகளைப் போன மாதம் இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. அறிக்கை வந்ததும் எந்தெந்த மருந்துக்கு 'ஆர்', அதாவது கிருமியிடம் பலிக்காது என்று, போட்டிருக்கிறது என்று எழுது.

உன்,
சுப்பையா